வானத்துக்கு ஒரு அளவு, வள்ளத்துக்கு ஒரு அளவு: படத்தில் வேண்டிய இடத்தை மட்டும் திருத்துவது

பின்னேரம் ஆறு மணிபோல யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் போய் நின்றால், போனையோ கமராவையோ மேற்குப் பக்கம் பிடித்தபடி குறைந்தது நாலு பேராவது நிற்பார்கள். எடுத்த படத்தைப் பார்த்ததும் அநேகமாக எல்லாருக்கும் ஒரே ஏமாற்றம்தான். கண்ணுக்குத் தெரிந்தது செம்மஞ்சள் வானம், அதன் கீழே மினுங்குகிற தண்ணீர், வலை கட்டிய தடிகள், ஒரு வள்ளம், அதில் நிற்கிறவரின் சேட்டு நிறம்கூடத் தெரிந்தது. படத்திலோ வானம் வந்தால் தண்ணீரும் வள்ளமும் கரி பூசியது போல இருக்கிறது, வள்ளம் வந்தால் வானம் வெளிறிப்போய் வெறும் தாளாகக் கிடக்கிறது.

கமராவில் பிழையில்லை. வானத்தைப் பார்க்கும்போது எங்கள் கண்மணி சுருங்குகிறது, வள்ளத்துக்குப் பார்வையை இறக்கும்போது விரிகிறது, மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாகக் காட்டிவிடுகிறது. கமரா ஒரு தடவை திறந்து மூடும்போது முழுக் காட்சிக்கும் ஒரே அளவைத்தான் வைக்க முடியும். (இப்போதைய போன்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துத் தாமே கலந்துவிடுகின்றன, அது உதவிதான், ஆனால் எது வெளிச்சமாக வேண்டும் என்பதைப் போன் தீர்மானிக்கிறது.) படக்காரர்கள் வெளிச்ச வித்தியாசத்தை ஸ்டொப் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு கூடினால் நாலு மடங்கு, ஐந்து கூடினால் 32 மடங்கு. சூரியன் இறங்குகிற நேரத்து வானத்துக்கும், எங்களைப் பார்த்தபடி நிழலில் கிடக்கிற வள்ளத்தின் பக்கத்துக்கும் இடையில் ஐந்தாறு ஸ்டொப் இருப்பது சாதாரணம்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எடிட் பண்ணுகிற அப்பைத் திறந்து ஷடோ என்ற ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினேன். வள்ளம் தெரிந்தது, உண்மை. ஆனால் தூரத்துப் பனைகளும் சாம்பல் நிறமாகி, அவற்றைச் சுற்றி வெள்ளையாய் ஒரு கோடு ஓடி, தண்ணீரில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாய் வந்து, பின்னேரம் எடுத்த படம் மத்தியானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தபோது எடுத்தது போல ஆகிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது வள்ளத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம். நான் கொடுத்ததோ படத்தில் இருட்டாய் இருந்த அத்தனைக்கும்.

இந்த இடத்தில் டோன் என்ற சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதுதான் டோன். நிறம் வேறு விஷயம். எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), ஹைலைட்ஸ் (வெளிச்சமான பகுதிகள்), ஷடோ (இருட்டான பகுதிகள்), கொன்ட்ராஸ்ட் (இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்) என்று நீங்கள் பார்க்கிற ஸ்லைடர்கள் எல்லாம் டோனை மாற்றுகிறவை, ஆனால் முழுப் படத்திலும் மாற்றுகிறவை. அதே ஸ்லைடர்களை ஒரு பகுதிக்கு மட்டும் வேலை செய்யும்படி கட்டுப்படுத்துவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு மாஸ்க் என்று பெயர்.

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மெசின் இறைத்துவிடுகிற தண்ணீர் ஒன்றுதான். மண்வெட்டியோடு நிற்கிறவர் ஒரு பாத்தியின் வாயை வெட்டி விடுகிறார், நிரம்பியதும் மண்ணை இழுத்து அடைத்து அடுத்ததுக்குத் திருப்புகிறார். வரம்பு இல்லாவிட்டால் பள்ளத்தில் வெள்ளம் நிற்கும், மேட்டில் பயிர் வாடும். மாஸ்க் என்பது அந்த வரம்பு. ஒரேயொரு வித்தியாசம், தோட்டத்து வரம்பு இறுக்கமாய் இருக்க வேண்டும், படத்தில் வரம்பு இருந்த இடமே தெரியக் கூடாது.

இது கணினியோடு வந்த வித்தையும் இல்லை. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் தன் கடற்காட்சிகள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அவருக்கும் பண்ணையில் எங்களுக்கு வருகிற அதே பிரச்சினைதான். அமெரிக்காவின் அன்செல் அடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில், சிலுவைகள் நிற்கிற மயானத்துக்கு மேலே நிலவு எழுந்திருக்கிற ஒரு படம் எடுத்தார். அதே நெகட்டிவிலிருந்து அவர் ஆரம்பத்தில் போட்ட அச்சுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும், பல ஆண்டுகள் கழித்துப் போட்டவற்றில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு. வானத்தை மட்டும் இருட்டாக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

என் மாமா ஒருவர் எண்பதுகளில் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை செய்தவர். அவர் காட்டித் தந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது. பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியில் காசளவு வட்டமாய் வெட்டிய கறுப்பு மட்டை ஒட்டியிருக்கும். மேலேயிருந்து நெகட்டிவ் வழியாக வெளிச்சம் தாளில் விழும், விழ விழத் தாள் கறுக்கும், அந்த நேரம் மணமகளின் முகத்துக்கு மேலே இந்த மட்டையை ஒரு மூன்று நாலு செக்கன் பிடிப்பார். மறைத்த இடத்தில் வெளிச்சம் குறைவாக விழுவதால் முகம் வெளிச்சமாக வரும். அதுதான் டொட்ஜ். எதிர்மாறாக, நடுவில் ஓட்டை போட்ட பெரிய மட்டையால் மற்ற எல்லாவற்றையும் மறைத்து, வெள்ளைச் சேலையின் ஒரு மடிப்புக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் அந்த மடிப்பு கறுத்து வரும். அது பேர்ன். இன்றைக்கும் எடிட் பண்ணுகிற மென்பொருள்களில் இதே இரண்டு பெயர்கள்தான். அந்த வேலையின் போது அவர் கை ஒரு நொடியும் சும்மா நிற்காது, மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். மட்டையை அசையாமல் பிடித்தால் அதன் வட்டம் படத்தில் அப்படியே விழுந்துவிடும். இப்போது மாஸ்க்கின் விளிம்பை மெல்லக் கரையவிடுகிற ஃபெதர் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, அது மாமாவின் கை ஆட்டம்தான்.

ஒரு பகுதியைத் தெரிவு செய்ய இரண்டு வழி. ஒன்று, இடத்தை வைத்து. மேலிருந்து கீழே மெல்லக் குறைந்துகொண்டு வருகிற கிரேடியன்ட், வட்டமாய்ப் போடுகிற ரேடியல், விரலாலோ மவுஸாலோ பூசுகிற பிரஷ் எல்லாம் இந்த வகை. மற்றது, வெளிச்சத்தை வைத்து. படத்தில் எங்கே இருந்தாலும் சரி, இவ்வளவுக்கு மேல் வெளிச்சமான புள்ளிகளை மட்டும் பிடி என்று சொல்வது. லைட்ரூம் என்ற மென்பொருளில் இதற்கு லூமினன்ஸ் ரேஞ் என்று பெயர், டார்க்டேபிள் என்ற மென்பொருளில் பரமெட்ரிக் மாஸ்க். புதிய மென்பொருள்கள் சில, வானம் எது, மனிதர் எது என்று தாமே கண்டுபிடித்தும் தருகின்றன. அது நல்ல வசதி, ஆனால் பனை ஓலை இடுக்குகளில் வானம் தெரிகிற இடத்தில் அடிக்கடி தடுமாறுகிறது, அதனால் மற்ற இரண்டையும் கையாளத் தெரிந்திருப்பது நல்லது. உண்மையான பலம் இரண்டையும் சேர்க்கும்போதுதான் வருகிறது, அதை நான் எடுத்த படத்திலேயே காட்டுகிறேன்.

தை மாதத்துப் படம். அந்த நாட்களில் சூரியன் நேர் மேற்கிலிருந்து தெற்கே விலகி இறங்குவதால், மண்டைதீவுப் பக்கத்துப் பனைகளுக்குப் பின்னால் வானம் சிவந்து கிடந்தது. நடுவில் வள்ளம், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் குனிந்து வலை இழுக்கிறார். எடுக்கும்போதே வானம் வெளிறாமல் பார்த்து எடுத்தேன், அதனால் கீழே எல்லாம் இருட்டு. அது தெரிந்தே செய்தது. இருட்டுக்குள் விவரம் ஒளிந்திருக்கும், இழுத்து எடுக்கலாம். முழுதாக வெளிறிய இடத்தில் எடுக்க ஒன்றுமே இல்லை, எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் பூசிய சுவர் போலத்தான் வரும். போனில் எடுப்பவர்கள் வானத்தில் ஒரு தடவை தொட்டு, வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள், அது போதும். சூரியனின் வட்டம் மட்டும் வெளிறினால் கவலைப்படாதீர்கள், அதைக் கண்ணாலேயே பார்க்க முடியாது.

இன்னொன்று, முடிந்தால் றோ கோப்பாக, அதாவது கமரா பிடித்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கிற கோப்பாக எடுங்கள். ஜேபெக் என்ற வழக்கமான, சுருக்கிய படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் றோவில் 4096 படிகள், 14 பிட் என்றால் 16384. வானம் போல மெல்ல மெல்ல மாறுகிற இடத்தை ஜேபெக்கில் பிடித்து இழுத்தால் படிக்கட்டு போலக் கோடு கோடாய் உடையும். காரணம் இந்தப் படிகள் போதாமைதான்.

முதலில் முழுப் படத்துக்கும் ஹைலைட்ஸைக் கொஞ்சம் இறக்கி, ஷடோவைக் கொஞ்சம் ஏற்றினேன். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், கால்வாசிகூட இல்லை. பிறகு வானத்துக்கு ஒரு கிரேடியன்ட், மேல் விளிம்பிலிருந்து அடிவானம் வரை, எக்ஸ்போஷர் முக்கால் ஸ்டொப் குறைவு. மேகத்தின் மடிப்புகள் எழுந்து வந்தன, ஆனால் கிரேடியன்டுக்கு வானம் எது பனை எது என்று தெரியாது, நேராக இறங்கி வந்து பனை வட்டுகளையும் சேர்த்து இருட்டாக்கிவிட்டது. ஏற்கெனவே கறுத்த பனை மேலும் கறுத்து, வெட்டி ஒட்டியது போல ஆனது. இங்கேதான் இரண்டாவது வழியைச் சேர்த்தேன். அதே மாஸ்க்குக்குள் லூமினன்ஸ் ரேஞ் போட்டு, இந்தப் பகுதியில் வெளிச்சமான புள்ளிகளுக்கு மட்டும் என்று எல்லை வைத்ததும் பனைகள் தப்பின. ஓலைக்கு ஓலை பிரஷால் வரைந்துகொண்டிருந்தால் ஒரு மணித்தியாலம் போயிருக்கும், இது அரை நிமிட வேலை. லைட்ரூமில் ஓ விசையை அழுத்தினால் மாஸ்க் விழுந்த இடம் சிவப்பாகத் தெரியும், அதை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். எங்கே சிவப்பு கசிகிறது என்று பார்த்துப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து தண்ணீர். ஆரம்பத்தில் எல்லாரும் விடுகிற பிழை இங்கேதான் இருக்கிறது, நானும் பல மாதம் விட்டேன். அசையாத தண்ணீரில் தெரிவது வானத்தின் நிழல். நிழல், மூலத்தைவிட வெளிச்சமாக ஒருபோதும் இருக்க முடியாது, தண்ணீர் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகவே வானத்தை இருட்டாக்கிவிட்டுத் தண்ணீரை அப்படியே விட்டால், அல்லது கவனிக்காமல் அதிகம் ஏற்றினால், தண்ணீர் வானத்தைவிட மினுங்கிவிடலாம். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று மனம் சொல்லிவிடும். பரவைக்கடல் அலையில்லாமல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற எங்கள் இடத்தில் இதைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. நான் தண்ணீருக்குக் கீழிருந்து மேலே இன்னொரு கிரேடியன்ட் போட்டு கால் ஸ்டொப் மட்டும் ஏற்றினேன். பிறகு வானத்தில் ஓர் இடம், அதற்கு நேர் கீழே தண்ணீரில் ஓர் இடம் என்று மாறி மாறிப் பார்த்து, தண்ணீர் ஒரு படி இருட்டாக நிற்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இப்போது வள்ளம். பெரிய மென்மையான பிரஷ், ஒரு இழுவையில் எவ்வளவு விழும் என்பதை (ஃப்ளோ) குறைவாய் வைத்து, அரை ஸ்டொப் வெளிச்சம். ஒரே இழுவையில் பூசாமல், மெல்ல மெல்ல மூன்று நாலு தடவை. குனிந்து நிற்கிறவரின் முதுகு, கையில் தொங்குகிற வலை, வள்ளத்தின் விளிம்பு. சூரியன் அவருக்குப் பின்னால் நிற்கிறது, ஆகவே எங்களைப் பார்க்கிற பக்கம் நிழலில்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பளிச்சென்று வந்தால் யாரோ முன்னால் நின்று லைட் அடித்தது போலத் தெரியும். ஆகவே சேட்டின் நீலம் லேசாய்த் தெரிகிற அளவில் நிறுத்தினேன். தோள் ஓரத்திலும் ஈரமான வலைக்கண்களிலும் சூரிய வெளிச்சம் மெல்லிய கோடாய் விழுந்திருந்தது. சின்னப் பிரஷால் அந்தக் கோட்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கொடுத்ததும் முழு வள்ளமும் வெளிச்சமானது போல ஒரு உணர்வு வந்தது. அகலமாய்ப் பூசுவதைவிட, வெளிச்சம் ஏற்கெனவே தொட்ட இடத்தைத் தேடிப்பிடித்துக் கொஞ்சம் கூட்டுவது எவ்வளவோ வடிவாக இருக்கும்.

பனைகளைத் தொடவில்லை. ஷடோவைத் தூக்கி அங்கே வடலி, பற்றை எல்லாம் காட்டியிருக்கலாம், காட்டி என்ன பயன்? அந்த நேரத்தில் கண்ணுக்கும் அவை கறுப்பாகத்தான் தெரிந்தன. ஒரு படத்தில் முழுக் கறுப்பு எங்காவது இருந்தால்தான் மற்ற வெளிச்சங்களுக்கு மதிப்பு. எல்லா மூலையையும் திறந்து காட்டுகிற படங்கள் இப்போது கனக்க வருகின்றன, எனக்கு அவை பிடிப்பதில்லை. எதை இருட்டில் விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு என்பது என் எண்ணம்.

கீழே இடது மூலையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல் மிதந்துகொண்டிருந்தது. கண் அநேகமாகப் படத்தில் அதிகம் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும், ஆகவே வள்ளத்தை விட்டுவிட்டு எல்லாரும் போத்தலைப் பார்ப்பார்கள். அழிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அது அங்கே மிதந்தது உண்மை, எங்கள் கடலில் அது மிதப்பதும் உண்மை. ஒரு ஸ்டொப் இருட்டாக்கி விட்டேன். இப்போதும் இருக்கிறது, தேடினால் தெரியும், ஆனால் கூப்பிடாது.

வெளிச்சத்தை வைத்துத் தெரிவு செய்வது மட்டுமே கைகொடுக்கிற படங்களும் உண்டு. கிடுகு வேலி போட்ட ஒழுங்கை ஒன்றைக் காலையில் எடுத்தால், மாமர இலைகளுக்குள்ளால் விழுகிற வெயில் நிலமெங்கும் திட்டுத் திட்டாய்ச் சிதறிக் கிடக்கும். அத்தனை திட்டுக்கும் பிரஷ் பூச முடியாது. மிக வெளிச்சமான புள்ளிகள் என்று ஒரே மாஸ்க் போட்டு அரை ஸ்டொப் இறக்கினால் மண்ணின் நிறம் திரும்பி வரும், வேலிக் கிடுகின் பின்னல் தெரியும். இறக்கும்போது ஒரு கவனம், வெயில் வெயிலாக இருக்க வேண்டும், அதிகம் இறக்கினால் சூடு போய்விடும். மணற்காட்டு மணல் மேடுகளிலும் இதே எச்சரிக்கைதான். அந்த மணல் வெள்ளை, வெள்ளையாகவே விடுங்கள், நிழல் விழுந்த பக்கத்தை மட்டும் கொஞ்சம் இறக்கினால் மேட்டின் வளைவு எழுந்துவிடும்.

செலவு பற்றிக் கேட்பார்கள். டார்க்டேபிள், கணினியில் இலவசம், ஆழமானது, பழக நாள் எடுக்கும். போனில் என்றால் ஸ்நாப்சீட் இலவசம். அதில் செலெக்டிவ் என்ற கருவியை எடுத்து வள்ளத்தில் விரலை வைத்தால் ஒரு புள்ளி விழும், இரண்டு விரலால் விரித்தும் சுருக்கியும் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று வைக்கலாம், அந்த வட்டத்துக்குள்ளும் தொட்ட இடத்தை ஒத்த நிறமும் வெளிச்சமும் உள்ள பகுதிதான் அதிகம் மாறும். நான் சொன்ன வானம், தண்ணீர், வள்ளம் மூன்றையும் மூன்று புள்ளிகளால் செய்து பார்க்கலாம். தொடங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

செய்து முடித்ததும் உடனே போட்டுவிடாதீர்கள். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், பனையைச் சுற்றி வெள்ளைக் கோடு, வானத்தில் இருட்டுப் பட்டை, தனியாய் மிதக்கிற வெளிச்ச வட்டம் எல்லாம் சின்னதில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். திருத்துவதற்கு முந்தியதையும் பிந்தியதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் கொஞ்ச நேரத்தில் எதற்கும் பழகிவிடும், அதனால் நான் இரவில் செய்ததைக் காலையில் திறந்து பார்ப்பேன், பத்தில் ஏழு தடவை ஏதாவது ஒரு மாஸ்க்கைப் பாதிக்குக் குறைப்பேன்.

அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று. திரை தானே வெளிச்சம் விடுகிறது, தாள் தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது, அதனால் அச்சு அநேகமாகத் திரையில் பார்த்ததைவிட இருட்டாகவே வரும். பண்ணைப் படத்தின் முதல் பிரிண்டில் வள்ளத்துக்காரரின் சேட்டு மறுபடி கறுப்பாகிவிட்டது. வள்ளத்து மாஸ்க்கை மட்டும் திறந்து இன்னொரு கால் ஸ்டொப் ஏற்றி, சின்ன அளவில் ஒன்று அடித்துப் பார்த்த பிறகுதான் பெரியதை அடித்தேன். அதில் நீலம் வந்தது.